முதல் செமஸ்டரில் சும்மா இருக்கலாம்

கலந்தாய்வு முடிந்து பொறியியல் முதலாண்டு வகுப்புகள் தொடங்கினால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். நான் இன்ஜினீயரிங் கல்லூரியில் கணக்கு எடுப்பவள் என்று தெரிந்த சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். கேள்வி ஒன்றுதான். "மேடம், பொண்ணு ஆறே காலுக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடறா. அப்புறம் சும்மாதான் இருக்கா. ஏதாவது கோர்ஸ்ல சேத்து விடலாமா?"

அந்த 'ஏதாவது' பெரிய பட்டியல். பைத்தான் சான்றிதழ், டேட்டா சயின்ஸ், டைப்ரைட்டிங் லோயர், இந்தியில் பிராத்மிக், ஜெர்மன் ஏ1, வீட்டிலிருந்தே ஐ.ஐ.டி. பட்டம். சிலர் ஒன்றைப் பற்றிக் கேட்பார்கள். சிலர் மூன்றுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு என் ஆசீர்வாதத்துக்காகக் கூப்பிடுவார்கள். முதல் செமஸ்டரில் ஒன்றும் வேண்டாம் என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். பிறகு மெதுவாக, "எதிர்வீட்டுப் பையன் ரெண்டு பண்றானாம்" என்று வரும். எதிர்வீட்டுப் பையன் என்று ஒருவன் எல்லாத் தெருவிலும் இருக்கிறான்.

நம் ஊரில் இன்ஜினீயரிங் சேரும் பிள்ளைக்கு முதலாண்டில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் கிடையாது. இந்த செமஸ்டர் நான்கு போதும், ஐந்தாவதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகம் கொடுத்ததைப் படித்தாக வேண்டும். ஆகவே இங்கே பாடச் சுமையைத் திட்டமிடுவது என்றால், அதற்கு மேல் எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்காமல் விடுவது என்பதுதான். இந்த முடிவைப் பெரும்பாலும் பிள்ளை எடுப்பதில்லை, அப்பா எடுக்கிறார். கணக்குப் போட்டும் எடுப்பதில்லை.

நான் கணக்கு டீச்சர். போட்டுவிடலாம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ரெகுலேஷன் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும், தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கும்; ஆனாலும் பாரம் ஏறத்தாழ இதுதான். முதல் செமஸ்டரில் ஆங்கிலம், மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், இயற்பியல், வேதியியல், பைத்தான், தமிழர் மரபு என்று ஆறு வகுப்புப் பாடங்கள். பைத்தான் லேப், இயற்பியல் - வேதியியல் லேப், ஆங்கில லேப் தனி. மொத்தம் 22 கிரெடிட், வாரத்துக்கு 27 பீரியட். பாடத்திட்டப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே எல், டி, பி, சி என்று நான்கு கட்டம் இருக்கும். வகுப்பு எத்தனை பீரியட், டுடோரியல் எத்தனை, லேப் எத்தனை, அதற்குக் கிரெடிட் எவ்வளவு. கணக்குப் பாடத்துக்கு 3, 1, 0, 4. அதாவது வாரத்தில் நான்கு பீரியட் உட்கார்ந்தால் நான்கு கிரெடிட். வீட்டில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்பதற்கு அங்கே கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததால் அப்படி ஒரு நேரமே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த நேரம் வேறொரு ஆவணத்தில் இருக்கிறது. 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, லேப், சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து 30 மணி நேர உழைப்பு என்கிறது. 22 கிரெடிட்டுக்கு 660 மணி நேரம். செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 44. வகுப்பில் கழியும் 27 பீரியடை 27 மணி நேரமாகவே தாராளமாக எடுத்துக்கொண்டாலும், பாக்கி 17 மணி நேரம் வீட்டில் படித்தாக வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்கமாகச் சொல்வது இதைவிடக் கடுமை: வகுப்பில் ஒரு மணி என்றால் வெளியே இரண்டு மணி. நாம் இளகிய கணக்கையே வைத்துக்கொள்வோம்.

இப்போது வீட்டுக்கு வாருங்கள். காலேஜ் பஸ் காலை ஆறே முக்காலுக்கு முனைக்கு வந்துவிடும். அதற்கு ஐந்தரைக்கு எழ வேண்டும். சாயங்காலம் ஆறே காலுக்கு வீடு. குளியல், காபி, ராத்திரிச் சாப்பாடு, அம்மாவிடம் நாலு வார்த்தை. பத்தரைக்குப் படுத்தால்தான் மறுநாள் ஏழு மணி நேரத் தூக்கத்தோடு எழ முடியும். தோண்டித் துருவினாலும் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் தேறும். ஐந்து நாளைக்குப் பதினைந்து. சனி, ஞாயிறு தலா ஆறு மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 27. (பல கல்லூரிகளில் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு, அதை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.) இதில் 17 பாடத்துக்குப் போனால் மிச்சம் பத்து.

இந்தப் பத்து மணி நேரத்தில்தான் சொந்தக்காரர் கல்யாணம், காய்ச்சல், கரண்ட் கட், சினிமா, தோழியோடு சண்டை, தோழியோடு சமாதானம், இன்ஸ்டாகிராம் எல்லாம் நடந்தாக வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில், ஒரு பாடத்துக்கு வாரம் ஏறத்தாழ பத்து மணி நேரம் ஒதுக்கச் சொல்லி அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு பாடம் எடுத்தால் பத்தும் காலி. நான்கு எடுத்தால் நாற்பது.

இந்தக் கணக்கைப் போனில் சொன்னால், "தூக்கத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே மேடம்" என்கிறார்கள். காலை ஒன்பது மணி வகுப்பில் என் எதிரே உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் பிள்ளைகளை அவர்கள் பார்த்ததில்லை.

ஒரு மாணவியைச் சொல்கிறேன். அவிநாசிப் பக்கத்திலிருந்து வருபவள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க், அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. பஸ் இறங்கியதும் நேரே டைப்ரைட்டிங், வாரத்தில் இரண்டு நாள் இந்தி, ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை ஆன்லைனில் பைத்தான் சான்றிதழ். முதல் இன்டர்னல் டெஸ்டில் கணக்கில் நூற்றுக்கு 31. கூப்பிட்டு, அப்சர்வேஷன் நோட்டின் பின் அட்டையில் போன வாரம் என்னென்ன செய்தாய் என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். டைப்ரைட்டிங் வகுப்பு ஒன்றுகூடத் தவறவில்லை. இந்தியும் தவறவில்லை. பைத்தான் அசைன்மென்ட் கெடுவுக்கு முன்பே முடிந்திருக்கிறது. கணக்குக்கு எதிரே, "பஸ்ஸில் கொஞ்சம்" என்று இருந்தது.

அந்தப் பின் அட்டை எனக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. டைப்ரைட்டிங்குக்கு நேரம் உண்டு, ஃபீஸ் உண்டு, வராவிட்டால் வீட்டுக்கு போன் போடும் மாஸ்டர் உண்டு. இந்தி டீச்சரும் கேட்பார். ஆன்லைன் வகுப்பு மணிக்கொருமுறை மெயில் அனுப்பும். ஐகன் வேல்யூ கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்தாயா என்று கேட்க யாரும் இல்லை. ஆள் வைத்துக் கேட்கிற வேலையும் ஆள் இல்லாத வேலையும் ஒரே சாயங்காலத்தில் மோதினால், ஆள் இல்லாததுதான் தோற்கும். அவள் சோம்பேறி இல்லை. சொன்ன எல்லாவற்றையும் செய்கிற பெண். சொல்ல ஆளில்லாத ஒன்று விட்டுப்போயிற்று, அது முதல் செமஸ்டர் கணக்கு.

எம்-1 என்று பிள்ளைகள் சொல்லும் அந்தப் பேப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2021 ரெகுலேஷனில் ஐந்து யூனிட்: மேட்ரிக்ஸ், வகை நுண்கணிதம், பல மாறிச் சார்புகள், தொகை நுண்கணிதம், மல்டிபிள் இன்டக்ரல். இரண்டாவதும் நான்காவதில் பாதியும் ப்ளஸ் டூவில் பார்த்த முகங்கள். அந்தத் தைரியத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐகன் வேல்யூவும் ஜேக்கோபியனும் மல்டிபிள் இன்டக்ரலும் புதுசு. கையால் போட்டுப் போட்டுத்தான் வரும், வீடியோ பார்த்து வராது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்குக் கணக்கு தெரியும், கேள்வி புரியவே கூடுதல் நேரம் பிடிக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருகிறவர்கள் நன்றாகப் படித்து வந்தவர்கள். முதல் செமஸ்டரில் அவர்களிடம் வாரத்துக்குப் பத்து மணி நேரம் உபரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களுடைய கூடுதல் பாடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, சான்றிதழ்தான் கிடையாது.

அதே ரெகுலேஷனில் இரண்டாம் செமஸ்டரில் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் வரும். டிராஃப்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஷீட் ஹோல்டரை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஷீட் வரைய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களைக் கேளுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாடச் சுமைக் கணக்கை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். அங்கே பாடத்துக்கு எதிரே மூன்று எண். முதலாண்டு கால்குலஸுக்கு 5-0-7. வகுப்பு ஐந்து மணி, லேப் இல்லை, வீட்டில் ஏழு மணி. கூட்டினால் 12 யூனிட், வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம். நம் அட்டவணையில் இல்லாத கட்டம் அங்கே அச்சிலேயே இருக்கிறது. அதோடு, முதலாண்டு மாணவர் ஒரு செமஸ்டரில் இத்தனை யூனிட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று உச்சவரம்பும் உண்டு. 1968-லிருந்து இன்னொன்றும் செய்கிறார்கள். முதல் செமஸ்டரில் தேறினால் 'பாஸ்' என்று மட்டும் பதிவாகும். தேறாவிட்டால் வெளியே போகும் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடமே இருக்காது. உலகம் முழுக்கப் பொறுக்கி எடுத்த பிள்ளைகள். அவர்களுக்கே முதல் நான்கு மாதம் பழகிக்கொள்ள என்று விட்டுவைக்கிறார்கள். இங்கே முதல் செமஸ்டர் மார்க் முதல் நாளிலிருந்து சி.ஜி.பி.ஏ.யில் ஏறுகிறது. பொறுத்துக்கொள்ள ஏற்பாடு இல்லாத இடத்தில்தான் நாம் மேலே மேலே ஏற்றுகிறோம்.

கிரெடிட் என்ற இந்த அளவுகோலுக்கே ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. எஃகு வியாபாரத்தில் கோடீஸ்வரரான ஆண்ட்ரூ கார்னகி 1905-ல் கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பென்ஷன் தர ஓர் அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தார். பென்ஷன் வேண்டும் என்றால் கல்லூரிகள் மாணவர் சேர்க்கையை ஒரே மாதிரி, மணி நேரக் கணக்கில் அளக்க வேண்டும் என்று அறக்கட்டளை நிபந்தனை போட்டது. மணிக்கணக்கில் படிப்பை அளக்கும் பழக்கம் அங்கிருந்து வேர்பிடித்தது. மாணவன் எவ்வளவு தாங்குவான் என்ற கவலையில் பிறந்ததல்ல.

கோர்ஸ் மேல் கோர்ஸ் சேர்க்கும் ஆசையில் கல்லூரிகளுக்கும் பங்கு உண்டு. நாக் தர மதிப்பீட்டில், எத்தனை சான்றிதழ்ப் படிப்புகள் நடத்தினீர்கள், எத்தனை மாணவர்கள் சேர்ந்தார்கள் என்று கேட்கும் பகுதி இருக்கிறது. உங்கள் பெண் சேரும் ஒவ்வொரு கூடுதல் கோர்ஸும் கல்லூரியின் ஃபைலில் ஒரு எண். வகுப்பில் ஃபார்ம் கொடுத்து, "எல்லாரும் சேர்ந்தாச்சா?" என்று கேட்கப்படும்போது அதில் அவளுடைய நலன் எவ்வளவு, ஃபைலின் நலன் எவ்வளவு என்று யோசிக்க வேண்டும். இதைச் சொல்வதால் என் சக ஆசிரியர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

எல்லாக் கூடுதல் படிப்பும் வீண் என்று நான் சொல்லவில்லை. பி.காம். சேர்ந்த பெண் சி.ஏ. ஃபவுண்டேஷனும் படிக்கிறேன் என்றால் நான் தடுக்க மாட்டேன். அக்கவுன்ட்ஸ், சட்டம், பொருளாதாரம் எல்லாம் கல்லூரியிலும் வருவதுதான்; ஒரே உழைப்பு இரண்டு இடத்தில் பலன் தரும். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு பஸ் நேரம் மிச்சம். அவன் கணக்கு வேறு. இரண்டாவது ஷிப்டில் படித்துக்கொண்டு காலையில் துணிக்கடை வேலைக்குப் போகிற பையனின் கணக்கும் வேறு. அவனுக்கு யாரும் கோர்ஸ் சிபாரிசு செய்ய வேண்டாம், அவன் மிச்சம் பிடிக்கும் நேரத்தைத் தூங்கிக்கொள்ளட்டும்.

என்.பி.டி.இ.எல். பற்றியும் கேட்பார்கள். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. பேராசிரியர்களின் பாடங்கள், நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரம் என்று. நல்ல ஏற்பாடு. அதில் பலர் கவனிக்காத ஒரு வசதி, சேர்வதற்குப் பணம் கிடையாது. தேர்வுக்குத்தான் ஆயிரம் ரூபாய். ஆகவே ஆசை இருக்கிற பிள்ளை முதல் செமஸ்டரில் சேர்ந்து வீடியோவை மட்டும் கேட்கலாம். தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டாம். பிடித்திருந்தால் அடுத்த வருடம் எழுதலாம். "அப்போ சர்டிபிகேட் வராதே மேடம்?" வராதுதான்.

சர்டிபிகேட் மேல் இவ்வளவு ஆசைப்படுகிறவர்களுக்கு அரியரின் விலை தெரிவதில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகளில் பல, ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் உள்ளேயே விடாது. சில கம்பெனிகள், எழுதித் தேறிவிட்டாலும் ஹிஸ்டரி ஆஃப் அரியர் உண்டா என்று கேட்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் அதே 2021 ரெகுலேஷனில், ஆனர்ஸ் பட்டம் வேண்டுமானால் கூடுதலாக 18 கிரெடிட் படிக்க வேண்டும், சி.ஜி.பி.ஏ. 7.5-க்குக் குறையக் கூடாது, எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். முதல் வகுப்பில் டிஸ்டிங்ஷனுக்கும் முதல் முயற்சி என்ற நிபந்தனை உண்டு. முதல் செமஸ்டரில் மூன்று சான்றிதழ் சேர்த்து எம்-1-ஐ விட்டவர்களுக்கு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகமே கொடுக்கும் ஆனர்ஸ் வாய்ப்பின் கதவு அப்போதே மூடிவிடுகிறது. தேறாதவர்களை அரசு காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2020 கொரோனா காலத்தில் அரியர் எல்லாம் ஆல் பாஸ் என்று அறிவிப்பு வந்து, முதல்வருக்கு நன்றி சொல்லி பேனர்கூட வைத்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் பரீட்சை எழுதத்தான் வேண்டி வந்தது.

அந்த அவிநாசிப் பெண்ணின் அப்பாவிடம் பேசினேன். டைப்ரைட்டிங்கைத் தவிர மற்றதை நிறுத்தினார்கள். டைப்ரைட்டிங்குக்கு ஆறு மாத ஃபீஸ் கட்டியாகிவிட்டதாம். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. கணக்கில் பிரமாதமாக ஒன்றும் வாங்கவில்லை, பாஸ் செய்தாள். மூன்றாம் செமஸ்டரில் அவளே வந்து, எட்டு வார என்.பி.டி.இ.எல். ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்டாள். எந்த நாள், எத்தனை மணிக்கு உட்காருவாய் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்று யோசிக்காமல் சொன்னாள். சரி, எடு என்றேன்.

பெற்றோருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் எங்கும் போகாது. என்.பி.டி.இ.எல். ஜனவரியிலும் ஜூலையிலும் வருடா வருடம் திறக்கும். ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பட்டத்துக்கு வருடத்தில் மூன்று டேர்ம். முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்வரை எதற்கும் பணம் கட்டாதீர்கள். ரிசல்ட் வந்த பிறகு போன் செய்யுங்கள், பேசலாம்.